கழுகு மேலயே போயிருக்கலாமே மாமா

போன வாரம் நாலு நாள் லீவு போட்டு ஊருக்கு போயிருந்தேன். ஊருன்னா பூம்பாறை. கொடைக்கானல் வர்றவங்க மேல வியூபாயிண்ட்ல நின்னு படிப்படியா வயலையும் கலர் கலரா வீடுகளையும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பாங்கல்ல, அதுல ஏதோ ஒரு கலர் எங்க வீடு தான். போன அன்னைக்கே மேகம் எறங்கிருச்சு. எதிர் வீட்டு கூரை கூட தெரியல, டவரும் போச்சு, கரண்டும் வர்றதும் போறதுமா இருந்துச்சு. அக்கா பொண்ணு எட்டாவது படிக்கிறா, அவளுக்கு லீவுல போரடிச்சு என் லேப்டாப்ப நோண்டி அதுல கெடந்த லார்ட் ஆஃப் த ரிங்ஸ் மூணு பாகத்தையும் சார்ஜ் இருக்குறப்பலாம் பாத்து பாத்து ரெண்டு நாள்ல முடிச்சிட்டா. முடிச்சிட்டு அடுப்படில பூண்டு உரிச்சுகிட்டு இருந்த என்கிட்ட வந்து கேட்டா.

"கடைசில கழுகு வந்து தூக்கிட்டு போகுதுல்ல மாமா? அப்ப மொதல்லயே கழுகு மேலயே போயிருக்கலாமே? அந்த தாத்தா ஏன் சொல்லல?"

இது உலகம் பூரா கேட்டு கேட்டு தேஞ்சு போன கேள்வி தான். ஒரு மோதிரத்த அழிக்க எதிரி நாட்டு எரிமலை வரைக்கும் மூணு படமும் நடந்தே போவாங்க, எல்லாம் முடிஞ்சப்பறம் தான் கழுகு வந்து தூக்கும். நானும் ரெடியா வச்சிருந்த பதில சொன்னேன். கழுகுங்க ஒண்ணும் ஆட்டோ கெடையாது, கூப்ட்டா வர்றதுக்கு, அதுங்களுக்குன்னு ஒரு ரோஷம் இருக்கு. நாவல்ல ஒரு எடத்துல காண்டால்ஃப, அதான் அவ சொன்ன மந்திரவாதி தாத்தாவ, தூக்கிட்டு போற கழுகே, சேதி கொண்டு வர தான் என்னைய அனுப்புனாங்க, சொமை தூக்க இல்லன்னு சொல்லும். அதும் போக வில்லன் சாரான் கண்ணுக்கு தெரியாம வானத்துல பறந்து போயிருவியா நீ, அப்டி இப்டின்னு. அவ எல்லாத்தையும் கேட்டுட்டு, "அதெல்லாம் சரி, அவருக்கு அவ்ளோ பவர் இருக்குல்ல, அப்ப வேணும்னே தான் உதவி பண்ணாம இருந்தாரா?"ன்னா.

உரிச்ச பூண்டு கைல அப்டியே இருக்கு, பதில் வரல.

பாதி கதைகள்ல இதுக்கு உண்மையான பதில், குரு உதவி பண்ணிட்டா கதை முடிஞ்சிரும், அவ்ளோ தான். எழுதுறவன் கஷ்டம் அது. அவர் எல்லாம் தெரிஞ்சவரா இருந்தா தான் நமக்கு மரியாத வரும், ஆனா எல்லாம் தெரிஞ்சவர் கூடவே நின்னா ஹீரோவுக்கு வேலையே இல்ல. அதனால தான் நம்ம படத்துலலாம் குரு இடைவேளைக்கு முன்னாடியே செத்துருவாரு, இல்ல இமயமலைக்கு போயிருவாரு, அதுவும் இல்லன்னா "நேரம் வரும்போது சொல்றேன்"னு தாடிய தடவிட்டு எந்திரிச்சு போவாரு. நேரம் எப்ப வரும்? கிளைமாக்ஸுக்கு பத்து நிமிஷம் முன்னாடி.

இதுல எனக்கு ரொம்ப புடிச்ச கூத்து ஒண்ணு இருக்கு. 1939ல வந்த விசார்ட் ஆஃப் ஓஸ் படத்துல டாரதின்னு ஒரு பொண்ணு, வீட்டுக்கு போகணும்னு படம் பூரா நடந்தே சாவா. கடைசில க்ளிண்டான்னு நல்ல சூனியக்காரி வந்து "உன் கால்ல இருக்குற செருப்புக்கே உன்னைய வீட்டுக்கு கொண்டு போற சக்தி இருந்துச்சும்மா, மொதல்லயே சொல்லிருந்தா நீ நம்பிருக்க மாட்ட"ங்கும். அந்த செருப்ப மொத நாள் அவ கால்ல போட்டு விட்டதே இந்தம்மா தான்! எவ்ளோ கொழுப்பு பாருங்க. ஆனா 1900ல வந்த மூல புத்தகத்துல இந்த அநியாயமே கெடையாது. அதுல ஆரம்பத்துல வர்ற வடக்கத்தி சூனியக்காரி வேற, கடைசில வர்ற தெக்கத்தி க்ளிண்டா வேற. மொதல்ல வந்த கெழவிக்கு அந்த செருப்போட மகிமை நெசமாவே தெரியாது, தெரிஞ்சவள டாரதி கடைசில தான் பாக்குறா, பாத்ததும் அவ சொல்லிடுறா. படம் எடுத்தவங்க ரெண்டு பேரையும் ஒரே ஆளா சேத்தாங்க, ஒரு நல்ல மனுசி கல்நெஞ்சக்காரி ஆயிட்டா. அதுல "நீயா கத்துக்கணும்"னு ஒரு தத்துவத்த வேற பூசிட்டாங்க. அதனால எந்த கதைல குரு கைய கட்டிட்டு நின்னாலும் நான் மொதல்ல சந்தேகப்படுறது ரைட்டர தான்.

நிஜ வாழ்க்கைல இத பூசுறவங்க அதுக்கு மேல. மதுரைல நான் முன்னாடி வேல பாத்த ஒரு எடத்துல, பேரு வேணாம், சேந்த புதுசுல எனக்கு மென்டார்னு ஒருத்தர போட்டாங்க. ஒரு வெள்ளிக்கெழம ராத்திரி நான் பண்ண ஒரு சின்ன மாத்தத்துல கஸ்டமரோட சைட் படுத்துருச்சு, அவருக்கு பதினோரு தடவ போன் அடிச்சேன், ரிங் போகுது எடுக்கல. விடிய விடிய உக்காந்து கூகுள்ல தேடி, பழைய பேக்கப்ப கண்டுபுடிச்சு ஏத்தி, அழுது, சரி பண்ணேன். திங்கக்கெழம வந்து தோள்ல தட்டி "நீயா கண்டுபுடிச்சா தான் வளருவன்னு தான் எடுக்கல"ன்னாரு. அன்னைக்கு நைட்டு அவரு செகண்ட் ஷோல இருந்தாருன்னு அவர் ஸ்டேட்டஸ்லயே இருந்துச்சு. நான் வளந்தது உண்மை தான், ஆனா அதுக்கும் அவருக்கும் என்ன சம்மந்தம்? காட்டுல செடி தானா வளந்தா கூட பக்கத்துல போனவன் நான் தான் வளத்தேம்பான் போல.

துரோணர் கேஸ் இதுக்கும் மோசம். ஏகலைவனுக்கு சொல்லி தர மாட்டேன்னது அவன் தானா வளரட்டும்னு இல்ல, வளந்துடக் கூடாதுன்னு. தானாவே மண்ணுல செல செஞ்சு வச்சு கத்துகிட்டவன்கிட்ட போய் கட்டவெரல கேட்டாரு பாருங்க. அவர குரு லிஸ்ட்லயே நான் சேக்குறது இல்ல.

சரி, மாமா கதைக்கு வர்றேன், நான் எழுத உக்காந்ததே அதுக்கு தான்.

எங்க அம்மாவோட தம்பி. பிக்கப் வண்டி வச்சிருக்காரு. எங்க ஊரு, மன்னவனூர் பக்கத்து மலப்பூண்டு மூட்டைய ஏத்திகிட்டு வடுகபட்டி பூண்டு மார்க்கெட்டுக்கு போவாரு. 2019ல கொடைக்கானல் மலப்பூண்டுக்கு புவிசார் குறியீடு குடுத்தாங்கல்ல, அதுக்கும் ரொம்ப வருசம் முன்னாடி இருந்தே அவருக்கு இது தான் பொழப்பு. கொடைக்கானல், பெருமாள்மலை, ஊத்து, டம்டம் பாறை, அப்டியே கீழ காட்ரோடு, அங்கிட்டு இருந்து தேவதானப்பட்டி, பெரியகுளம், வடுகபட்டி. எறங்குறப்ப லோடு, ஏறுறப்ப பெரும்பாலும் காலி. காலேஜ் படிக்கிறப்ப எல்எல்ஆர் எடுத்துட்டு அந்த காலி வண்டில தான் ஓட்ட கத்துகிட்டேன்.

கத்துகிட்டேன்னு தான் சொல்லணும், கத்து குடுத்தாருன்னு சொல்ல முடியாது. அவர் வாயில இருந்து வந்தது மொத்தமே மூணு விசயம். ஏறுன கியர்லயே எறங்கு, நியூட்ரல்ல விட்டேன்னா செவுள்லயே விடுவேன். மேல ஏறுற வண்டிக்கு வழி விடு. மேகத்துல பிரைட் போடாத, வெளிச்சம் உன் மூஞ்சிலயே திருப்பி அடிக்கும். அதுக்கப்பறம் வெத்தலய மடிச்சு வாயில போட்டு எடது பக்க ஜன்னல பாத்து திரும்புனாருன்னா வீடு வர்ற வரைக்கும் பேச மாட்டாரு. மடில எப்பவும் ஒரு துண்டு கெடக்கும்.

ஒரு மே மாசம், சீசன் டைம். பெருமாள்மலை தாண்டி வெள்ளி நீர்வீழ்ச்சிக்கு கொஞ்சம் கீழ ஒரு வளைவு, நல்ல ஏத்தம், முன்னாடி டூரிஸ்ட் வண்டிங்க வரிசையா நிக்குது, நானும் நிறுத்துனேன். முன்னாடி வண்டி நகந்துச்சு, கிளட்ச்ச விட்டேன், ஆஃப். திருப்பி ஸ்டார்ட் பண்ணி பிரேக்ல இருந்து கால எடுத்து ஆக்ஸிலேட்டர்ல வைக்கிறதுக்குள்ள வண்டி பின்னாடி எறங்குது. பின்னால ஒரு வேன் ஒட்டி நிக்குறான், ஹாரன்னா ஹாரன், அவனுக்கு பின்னாடி பஸ்ஸு. மலைல ஓட்டுனவங்களுக்கு அந்த வயித்த பெசயிறது தெரியும், வண்டி முன்னாடி போகாட்டி கூட பரவால்ல, பின்னாடி எறங்குறப்ப உசுரே கால் வழியா எறங்குற மாதிரி இருக்கும். ரெண்டாவது தடவையும் ஆஃப். "மாமா என்ன பண்ணட்டும்?"ன்னேன். ஜன்னல்ல இருந்து திரும்பாமயே "வண்டி யாரு ஓட்டுறது?"ன்னாரு. மூணாவது தடவ ஒரு அடி எறங்குச்சு, வேன்காரன் கதவ தட்டி கெட்ட வார்த்தைல திட்டுறான், மாமா என்னமோ கொடைக்கானல மொத மொத பாக்க வந்தவரு மாதிரி வெளிய பாத்துகிட்டு வெத்தல மென்னுகிட்டு இருக்காரு.

நாலாவது தடவ, கிளட்ச்ச கொஞ்சம் கொஞ்சமா விட்டு, எஞ்சின் சத்தம் கம்மி ஆகி வண்டி லேசா உறுமுற எடத்துல கால நிறுத்தி, அப்பறம் பிரேக்ல இருந்து எடுத்தேன். வண்டி ஒரு இஞ்ச் கூட எறங்கல. அப்டியே நின்னுச்சு. அந்த ரெண்டு செகண்ட எனக்கு இப்பவும் ஞாபகம் இருக்கு. அப்பறம் ஆக்ஸிலேட்டர் குடுத்தேன், ஏறிருச்சு.

ஒரு வாரம் மாமாகிட்ட பேசல நான். அம்மாகிட்ட போய் உன் தம்பி என்னைய வேன்ல மோத விட்டு வேடிக்க பாத்தாருன்னு சொன்னேன். ஆனா உள்ளுக்குள்ள ஒரு கெத்து. கிளட்ச்ச பாதில நிறுத்துற ஹாஃப் கிளட்ச் வித்தய எனக்கு யாரும் சொல்லி தரல, நானே புடிச்சேன்னு காலேஜ்ல ஒரு வருசத்துக்கு சொல்லிகிட்டு திரிஞ்சேன்.

கட் பண்ணா ரெண்டு வருசம் முன்னாடி. மாமா பையன் ஓட்ட பழகுறான், அதே காலி வண்டி. முன்னாடி அவனும் மாமாவும், நான் பின்னாடி காலி சாக்கு மேல நின்னுகிட்டு வர்றேன், கேபின் பின்கண்ணாடி வழியா உள்ள நல்லா தெரியுது. ஒரு ஏத்தத்துல பய ஆஃப் பண்ணிட்டான். மாமா வழக்கம் போல ஜன்னல் பக்கம் திரும்பிட்டாரு. மேல இருந்து பாக்குறப்ப தான் தெரியுது, மனுசன் ஜன்னலுக்கு வெளிய பாக்கல, எடது சைடு மிரர்ல பாக்குறாரு, பின்னாடி வண்டிக்கும் நமக்கும் எவ்ளோ கேப் இருக்குன்னு. மடில கெடந்த துண்டு சீட்டுக்கு நடுவுல சரிஞ்சு கெடக்கு, துண்டுக்கு அடியில அவரு வலது கை ஹேண்ட் பிரேக்க புடிச்சிருக்கு. சும்மா வச்சிருக்கல, நரம்பு பொடச்சு நிக்குது. பட்டன அமுக்கி புடிச்சுகிட்டே இழுத்தா கடகடன்னு சத்தம் வராது, டிரைவருங்களுக்கு தெரியும். வண்டி எறங்க ஆரம்பிச்சதும் இழுத்து நிறுத்துறாரு, பய கால் சரியா விழுந்ததும் மெதுவா விட்டுடுறாரு. வண்டி ஏறுது. பயலுக்கு மூஞ்சில அந்த கெத்து, எனக்கு நல்லா தெரிஞ்ச கெத்து.

நான் பின்னாடி சாக்கு மேல நின்னுகிட்டு யோசிக்கிறேன், அப்ப அந்த நாலாவது தடவ எறங்காம நின்னது என் காலா, மாமா கையா?

இத பாத்ததுக்கு அப்பறம் கதைகள படிக்கிற விதமே மாறிருச்சு எனக்கு. எந்த குருவ பாத்தாலும் துண்டுக்கு அடியில கை எங்க இருக்குன்னு தேடுவேன். பாரதத்துல கண்ணன் ஆயுதம் எடுக்க மாட்டேன்னு சொல்லிட்டு தேரோட்ட உக்காந்தாருல்ல, ஊர்ல ஜாலியா இருந்துகிட்டு ஆள் அனுப்பல, அர்ஜுனன் மேல வர்ற அம்பு அவர் மேலயும் தான் படும். பீஷ்மர அடிக்க அர்ஜுனனுக்கு மனசு வராம பூ மாதிரி அம்பு விடுறான், இங்க படை அழியுது. 3ஆவது நாள் பொறுக்க முடியாம சக்கரத்த எடுத்துகிட்டு குதிச்சிடுறாரு, 9ஆவது நாள் கைல குதிர சாட்டையோட பீஷ்மர பாத்து ஓடுறாரு. அர்ஜுனன் பின்னாடியே ஓடி காலக் கட்டி புடிச்சும் அவனையும் இழுத்துகிட்டு போறாரு, பத்தாவது அடியில தான் நிக்குறாரு. சத்தியம் போனா போகுதுன்னு குதிச்சாரு பாருங்க, அது தான் அந்த நரம்பு பொடச்ச கை. நடிப்பா நெசமான்னு பெரியவங்க ஆயிரம் சொல்லுவாங்க, எனக்கு அது மாமா கை தான்.

காண்டால்ஃப் கதையும் அப்டி தான். அவர மாதிரி மந்திரவாதிங்கள மிடில் எர்த்துக்கு, அதான் அந்த கதை நடக்குற எடத்துக்கு, அனுப்புறப்பவே ஒரு கண்டிசன், சாரானோட பலத்துக்கு பலம்னு மோதக் கூடாது, ஜனங்கள பயமுறுத்தி அடக்கி ஆளக் கூடாது. அதுக்குள்ள நின்னு தான் அவரு ஆடுறாரு, ஆனா மோரியா சுரங்கத்து பாலத்துல ஒரு பூதம் தொரத்தி வந்து வேற வழி இல்லன்னு ஆனப்ப தானே எறங்கி நின்னு விழுந்து செத்தே போறாரு, அப்பறம் உசுரோட திரும்பி வர்றது தனிக்கதை. படத்துல இல்லாத ஒரு பகுதி புத்தகத்துல இருக்கு, அத அக்கா பொண்ணுக்கு சொன்னேன். எல்லாம் முடிஞ்சு, மோதிரத்தோட கெளம்பி போன நாலு ஹாபிட்டுங்களும், அதான் அந்த குள்ள ஜனங்க, ஊருக்கு திரும்புறப்ப அங்க ரவுடிங்க ஆட்சி, மரத்த வெட்டி, வீட்ட இடிச்சு, ஊரே நாசம். ஊருக்கு கொஞ்சம் முன்னாடி வரைக்கும் கூட வந்த காண்டால்ஃப், நான் வரல, உங்க ஊரு பிரச்சனைய நீங்களே பாத்துக்கங்க, இவ்ளோ நாள் நீங்க பழகுனது இதுக்கு தான்னு சொல்லிட்டு வேற பக்கம் போயிருவாரு. அவங்க போய் ஊர தெரட்டி சண்ட போட்டு ஜெயிப்பாங்க, ஹாபிட்டுங்க 19 பேர் சாவாங்க.

"19 பேர் செத்தாங்களா? அவரு வந்திருந்தா?"ன்னா.

"வந்திருந்தா கம்மியா செத்திருப்பாங்க, இல்ல யாருமே செத்திருக்க மாட்டாங்க."

"அப்பறம் என்ன மாமா பெரிய குரு?"

ஹாரி பாட்டர்ல ஹாரியோட தோழி ஹெர்மயினி கேப்பா இதே மாதிரி. மொத புத்தகத்து கடைசில ஹாரி, ஹெட்மாஸ்டர் டம்பிள்டோர் வில்லன நானே எதுத்து நிக்க எனக்கு ஒரு சான்ஸ் குடுக்க தான் விட்டாருன்னு நெனைக்கிறேன்னு பெருமையா சொல்லுவான். அதுக்கு அவ, அப்டி இருந்தா அது ரொம்ப கொடும, நீ செத்திருப்பியேம்பா. அஞ்சாவது புத்தகத்துல அதே டம்பிள்டோர் வருசம் பூரா ஹாரி மூஞ்சிய கூட பாக்காம, எதையும் சொல்லாம ஒதுங்கி ஒதுங்கி போயி, அதுல ஹாரியோட காட்ஃபாதர் சிரியஸ் செத்ததுக்கு அப்பறம் உக்காந்து இது என் தப்புன்னு ஒத்துக்குவாரு. குருமாருங்கள்ல தப்புன்னு வாய தொறந்து சொன்னவங்க கொஞ்சம் பேர் தான், அதனால அந்த கெழவர் மேல எனக்கு ஒரு பாசம் உண்டு. பெண்ட எடுத்துட்டு "எல்லாம் உன் நல்லதுக்கு"ன்னு முடிச்சவங்க தான் நெறைய.

மறுநாள் சாயங்காலம் மேகம் கொஞ்சம் வெலகுச்சு, ரெண்டு பேரும் குழந்தை வேலப்பர் கோயிலுக்கு நடந்தோம். எங்க ஊரு சாமிய பழனி மாதிரியே போகர் நவபாஷாணத்துல பண்ணதுன்னு சொல்லுவாங்க. பேருக்கு ஒரு கதை உண்டு. அருணகிரிநாதர் இங்க வந்து ராத்திரி அசதில படுத்து தூங்கிட்டாரு. ஒரு ராட்சசி அவர கொல்ல வந்துச்சாம். முருகன் ஒரு கைக்கொழந்தையா மாறி அவரு பக்கத்துல படுத்துகிட்டாரு. ராட்சசி வந்து பாத்தா, காவித் துணிய போத்திகிட்டு யாரோ ஒரு தாயும் புள்ளையும் படுத்திருக்க மாதிரி தெரியவும் பேசாம போயிருச்சு. பொறவு தான் அவருக்கு விசயம் தெரிஞ்சு குழந்தை வேலர்னு பாடுனாராம். சின்ன வயசுல இருந்து நூறு தடவ கேட்ட கதை. ஆனா சூரன் மேல வேல் விட்ட சாமி, ஒரு ராட்சசிக்கு வேல எடுக்கல, அருணகிரியாரையும் எழுப்பி எந்திரி இது உனக்கு பரிச்சைன்னு சொல்லல, பக்கத்துல போய் படுத்துகிட்டாருங்குறது அன்னைக்கு தான் எனக்கு உறைச்சுது. இத்தன நேரம் குருன்னா சோதிக்கணும், கை விடணும், தள்ளி நிக்கணும்னு இவகிட்ட பேசிகிட்டு இருக்கேன், எங்க ஊரு சாமிக்கு அந்த பழக்கமே இல்ல.

அவகிட்ட மாமா துண்டு கதையவும் சொன்னேன். பெருசா ஆச்சரியப்படுவான்னு பாத்தா, "ஏன் எல்லாரும் ஒளிச்சு ஒளிச்சே பண்றாங்க? பிரேக்ல கை வச்சிருக்கேன், நீ ஓட்டுன்னு சொன்னா என்னவாம்? நான்லாம் சொன்னா தைரியமா ஓட்டுவேன்"ன்னா. நியாயமா தான் பட்டுச்சு. சொல்லிருந்தா நான் அந்த வளைவுல அவ்ளோ நடுங்கிருக்க மாட்டேன். ஆனா நாலாவது தடவ கிளட்ச்ச அவ்ளோ கவனமா விட்டிருப்பேனா, இல்ல மாமா புடிச்சுக்குவாருன்னு அசால்ட்டா விட்டிருப்பேனா, தெரியல. இவள மாதிரி புள்ளைக்கு சொல்லிட்டு பண்றது தான் சரியா இருக்கும் போல, என்னைய மாதிரி சோம்பேறிக்கு துண்டு வேணும்.

கெளம்புற அன்னைக்கு காலைல மாமா வடுகபட்டிக்கு லோடு ஏத்திகிட்டு இருந்தாரு, நானும் காட்ரோடு வரைக்கும் அந்த வண்டிலயே போயி பஸ் ஏறிக்கலாம்னு ஏறுனேன். வெள்ளி நீர்வீழ்ச்சி தாண்டி அந்த வளைவு வர்றப்ப கேட்டுட்டேன்.

"மாமா, அன்னைக்கு இங்க நான் வண்டிய ஆஃப் பண்ணேன்ல, நாலாவது தடவ ஹேண்ட் பிரேக்க நீங்க தான புடிச்சிருந்தீங்க?"

"எப்போ?"

"காலேஜ் படிக்கிறப்ப. துண்டுக்கு அடியில கை வச்சிருந்தீங்கள்ல."

ரெண்டாவது கியருக்கு மாத்திட்டு வெத்தலய ஒரு கன்னத்துல இருந்து இன்னொரு கன்னத்துக்கு தள்ளுனாரு. "குளிருக்கு வச்சிருப்பேன் மாப்ள."

"மே மாசம் மாமா அது."

"நமக்கு மே மாசமும் குளுரத் தான செய்யுது," அப்டின்னுட்டு இந்த வருசம் பூண்டு வெலைய பத்தி பேச ஆரம்பிச்சிட்டாரு.